குணமாகி வீடு திரும்பினார், நடந்து திரும்பினாரா?



வயதான ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "காய்ச்சல் விட்டுதா? சுகர் எவ்வளவு? ரிப்போர்ட்டெல்லாம் நார்மலா?" இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றோடு இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பு தாமாகவே செய்துகொண்ட வேலைகளை அவர் இன்றும் தாமாகவே செய்துகொள்கிறாரா? தாமே எழுகிறாரா, தாமே கழிப்பறைக்குப் போகிறாரா, தாமே குளித்து உடுத்துகிறாரா? அதற்குப் பதில் 'இல்லை' என்றால், வியாதி தீர்ந்தும் வைத்தியம் முடியவில்லை என்று பொருள்.

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இவர் தனி ஒருவர் அல்லர். வார்டில் நான் பார்த்த பலரைச் சேர்த்துச் சொல்கிறேன். விடியற்காலை எழுந்து, சுவரைப் பிடித்தபடி கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போய்வருவார். தண்ணீர் விளாவித் தாமே குளிப்பார். புடவையைத் தாமே உலர்த்துவார். சாயங்காலம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கோயிலுக்குப் போகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுவார். முழங்கால் வலி உண்டு, ரத்தக்கொதிப்பு உண்டு. ஆனாலும் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்கிறவர்.

ஒரு நாள் சிறுநீர்த் தொற்று. லேசான காய்ச்சல், சோர்வு, பேச்சில் தடுமாற்றம். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது. எழுந்து போனால் விழுந்துவிடுவார் என்று யூரின் டியூப் போட்டு, கட்டிலின் இருபக்கக் கம்பியையும் ஏற்றிவிடுகிறார்கள். கண்ணாடியும் காது மெஷினும் தொலைந்துவிடும் என்று மகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார். பல்செட்டும் வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரியும் விளக்கு எரிகிறது; பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகுகிறார். மூன்றாம் நாள் ராத்திரி பாட்டி ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காலமாகிப் பல வருஷமான கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தூக்கத்துக்கு ஊசி போடுகிறார்கள். மறுநாள் முழுக்க மயக்கத்திலேயே கிடக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை. பத்தாம் நாள் கிருமி போய்விட்டது, டிஸ்சார்ஜ். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து, வீட்டு நிலைப்படியைத் தாண்ட நாலு பேர் கை கொடுக்கிறார்கள். யூரின் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. பாட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இல்லை. பத்து நாளில் யாருக்கும் பத்து வயது கூடிவிடாது. பாட்டியின் நடையைப் பறித்தது அந்தப் பத்து நாளில் நடந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை.

முதலில் படுக்கையைப் பற்றிச் சொல்கிறேன். 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நோய் எதுவும் இல்லாத, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த மூத்தவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அதற்குள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயில்லாத உடம்புக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த எண்பது வயது உடம்பு எப்படித் தாங்கும்? ஒஹையோ மாநிலத்தில் எழுபதும் அதற்கு மேலும் வயதான 2,293 நோயாளிகளைக் கவனித்து 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 35 விழுக்காட்டினர், நோய் வருவதற்கு முன் தாமே செய்துகொண்ட அன்றாடக் காரியங்களில் ஒன்றையாவது செய்ய முடியாத நிலையில்தான் டிஸ்சார்ஜ் ஆனார்கள். மூன்று பேருக்கு ஒருவர்!

ஆனால் எல்லா முதியவருக்கும் இப்படி ஆவதில்லை. திருச்சி மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளையும் எழுபத்தைந்து வயதில் நின்று நின்று ஏறி உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அதே வயதில் அடிவாரத்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, அதற்கு மேல் முடியாமல் திரும்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜாதகப்படி இருவருக்கும் ஒரே வயது. உடம்பில் இருக்கும் கையிருப்பு வேறு வேறு. அந்தக் கையிருப்பு குறைந்துபோன நிலையைத்தான் முதியோர் மருத்துவத்தில் நலிவு என்கிறோம். லிண்டா ஃபிரீட் என்ற மருத்துவர் தம் குழுவோடு 2001இல் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்: காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் களைப்பு, கைப்பிடியில் வலுவின்மை, நடையில் வேகக் குறைவு, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. நலிந்த உடம்புக்குச் சிறு காய்ச்சலே பேரிடி.

இவை எதற்கும் ஸ்கேன் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். உறையூரில் காலமெல்லாம் தறியில் உட்கார்ந்த ஒரு பெரியவர், இப்போது தண்ணீர்ச் செம்பின் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறார் என்றால், அந்தப் பிடியே நமக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. கேட்டுக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.

அப்படிக் கேட்டுக்கொண்ட முன்னோடி, மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர். 1935இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு, பக்கத்திலிருந்த ஏழைகள் காப்பகத்தின் நோயாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டோர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று படுக்கையிலேயே விடப்பட்டிருந்தவர்கள். அவர்களை வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். யாருக்கு என்ன நோய், யார் எழுந்து உட்கார முடியும், யாருக்கு நடைப் பயிற்சி கொடுக்கலாம் என்று பிரித்தார். சுவருக்கு வண்ணம் பூசச் செய்தார், வெளிச்சத்தைக் கூட்டினார், கட்டிலை விட்டு இறங்க வைத்தார். வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களில் பலர் எழுந்து நடந்தார்கள். பலர் வீட்டுக்கே போனார்கள். பிரிட்டனில் முதியோர் மருத்துவம் என்ற துறை பிறந்தது அந்த வார்டில்தான்.

அவருக்குப் பின், அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை நெடுநாள் கவனித்து, 1963இல் ஆறு காரியங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்கிக்கொள்வது, தாமே சாப்பிடுவது. இந்த ஆறும் ஒரு வரிசையில் கைவிட்டுப் போகின்றன என்பதை அவர் கண்டார். முதலில் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. திரும்பி வரும்போது தலைகீழ் வரிசை: முதலில் சாப்பாடு, கடைசியில் குளியல். குழந்தை வளரும்போது கற்றுக்கொள்ளும் வரிசையும் ஏறக்குறைய இதுதான் என்றார். வீட்டில் இருப்பவர்கள் இதை அறிந்துவைத்திருந்தால் பெரும் பயன். "அம்மா குளிக்கத் தயங்குறாங்க, நாலு நாளா தள்ளிப் போடுறாங்க" என்பதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சரிவு அங்கேதான் தொடங்கியிருக்கக்கூடும்.

நம் நாட்டில் இதற்கு வழி திறந்த ஊர் சென்னை. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியரான டாக்டர் வி.எஸ். நடராசன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1988இல் தனி வார்டு வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டமேற்படிப்பு வந்தது. குழந்தைக்குத் தனி டாக்டர் இருக்கும்போது கிழவருக்கு ஏன் இல்லை என்று கேட்க அன்று ஆளே இல்லை. அவர் கேட்டார்; அதோடு, சாதாரண மக்கள் படிக்கும் தமிழில் முதுமையைப் பற்றி ஓயாமல் எழுதினார். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சரி, முதியோர் மருத்துவத்தின் அடிப்படையான முழு மதிப்பீட்டில் என்ன செய்வார்கள்? ஒரு டாக்டர் மட்டும் நாடி பார்த்துச் செய்வதில்லை அது. மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளை முழுசாகப் பார்ப்பது. உடம்பில் என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, ஞாபகம் எப்படி, மனச்சோர்வு உண்டா, கண்ணும் காதும் பல்லும் எப்படி, சாப்பாடு எவ்வளவு இறங்குகிறது, எப்படி நடக்கிறார், வீட்டில் யார் இருக்கிறார்கள், அந்த ஆறு காரியங்களில் எதெது கைவசம் இருக்கிறது. பார்த்ததோடு நிற்காமல், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது, யார் செய்வது என்று எழுதி வைத்து நிறைவேற்றுவதுதான் முக்கியம். ஒன்பது நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளை, மொத்தம் 13,766 முதியவர்களின் விவரங்களை, 2017இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. இப்படிக் கவனிக்கப்பட்ட நோயாளிகள், சில மாதங்கள் கழித்து உயிரோடு, தங்கள் சொந்த வீட்டில் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. சொந்த வீட்டில் இருப்பதைவிட முதியவர் கேட்கும் வரம் வேறு என்ன?

அந்த மதிப்பீட்டில் வரும் ஒரே ஒரு சோதனையை அருகிலிருந்து பார்ப்போம். கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று. அதிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான நடையில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். தடி வைத்திருப்பவர் தடியோடு நடக்கலாம். கையில் இருக்க வேண்டியது ஒரு கடிகாரம் மட்டுமே. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. ஆனால் பழகிய கண் கடிகாரத்தை மட்டுமா பார்க்கிறது? எழும்போது ஒரே மூச்சில் எழுகிறாரா, இரண்டு முறை உந்துகிறாரா? பாதம் தரையை விட்டு எழும்புகிறதா, தேய்கிறதா? திரும்பும்போது இரண்டு எட்டில் திரும்புகிறாரா, ஆறேழு சின்ன எட்டு வைக்கிறாரா? உட்காரும்போது பின்னால் நாற்காலி இருப்பதைத் தொட்டுப் பார்த்து உட்காருகிறாரா, பொத்தென்று விழுகிறாரா? அரை நிமிஷத்தில் தொடைத் தசை, மூட்டு, பார்வை, மூளை எல்லாம் தங்கள் கணக்கை ஒப்பித்துவிடுகின்றன.

இதோடு நம் ஊருக்கென்று சேர்க்க வேண்டியவை உண்டு. காட்ஸ் வகுத்த பட்டியலில் தரையில் உட்கார்ந்து எழுவது கிடையாது. நமக்கு அது வேண்டும். ஆஸ்பத்திரியில் வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஒருவர் நன்றாகத்தான் உட்காருவார். வீட்டில் இருப்பதோ குந்தி உட்காரும் கழிப்பறை. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் ரயில்பெட்டி போல நீளமானவை. ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எல்லாம் தாண்டிக் கொல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் தூரத்தை இருட்டில் நடக்க வேண்டும். முற்றத்தில் இறங்கி ஏற வேண்டும். ஈரக் கல்லில் கால் வைக்க வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் எழுதுமுன், "வீட்டில் கட்டிலிலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம்? நடுவில் எத்தனை படி? பிடிமானம் உண்டா?" என்று கேட்டாக வேண்டும். கட்டிலை இடம் மாற்றிப் போடுவதும், சுவரில் ஒரு கம்பி பதிப்பதும், ராத்திரி விளக்கு ஒன்று எரியவிடுவதும் மாத்திரைக்குச் சமமான மருந்துகள்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. பெரியவர்கள் மஞ்சள் பையில் கொண்டு வரும் மருந்துகளை மேசையில் கொட்டிப் பார்த்தால் பல சமயம் திகைப்பாக இருக்கும். இதய டாக்டர் கொடுத்தது, மூட்டு வலிக்குக் கொடுத்தது, போன வருஷத்துத் தூக்க மாத்திரை, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில். தலைசுற்றலும் தள்ளாட்டமும் சில சமயம் இந்தப் பையிலிருந்தே வருகின்றன. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் பையை முழுசாகக் கொண்டு போய், "இதில் எது இன்னும் வேண்டும், எது வேண்டாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பாட்டி ராத்திரியில் கணவரைக் கூப்பிட்டாரே, அது பைத்தியமோ மறதி நோயோ அல்ல. நோயின்போது திடீரென வரும் மனக்குழப்பம். அதைப் பெருமளவு தடுக்க முடியும் என்று ஷாரன் இனூய் என்ற மருத்துவர் 1999இல் காட்டினார். அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு வந்த குழப்பம், தனிக் கவனிப்புப் பெற்றவர்களிடம் 9.9 விழுக்காடாகக் குறைந்தது. என்ன செய்தார்கள்? கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். காது மெஷினை வைத்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கவைத்தார்கள். நடக்கவைத்தார்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேச்சுக் கொடுத்தார்கள். ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும், முதுகு தடவிவிடுவதும், சந்தடியைக் குறைப்பதும். இவற்றில் எது நம்மால் ஆகாதது?

இப்போது உங்களிடம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். நம் மலைக்கோட்டையில் இருக்கும் சுவாமிக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். காவிரியில் வெள்ளம், அக்கரையில் தாய், இக்கரையில் பிரசவ வலியில் மகள். தாயின் உருவில் இறைவனே வந்து பேறு பார்த்தார்; வெள்ளம் வடிந்து தாய் வந்து சேர்ந்ததும் மறைந்தார். இந்த ஊர்க்காரர்களுக்குப் பணிவிடை செய்யக் கற்றுத்தர வேண்டியதில்லை. எப்போது விலகி நிற்பது என்பதைத்தான் நாம் கற்க வேண்டியிருக்கிறது.

வார்டில் நான் காண்பது அன்புதான். மகள் ஊட்டிவிடுகிறார், அப்பாவின் கை நன்றாகத்தான் இருக்கிறது. "நீங்க எதுக்குப்பா எழுந்திரிக்கிறீங்க, படுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்கிறார் மகன். அவசரத்துக்கு ஒத்துவரும் என்று டயாபர் மாட்டிவிடுகிறார்கள். சீக்கிரமே, அடக்கிப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை விடத் தொடங்குகிறது. இதில் யார் மேலும் குற்றமில்லை. ஆனால் அப்பாவால் செய்ய முடிந்த காரியத்தை நாம் செய்யும் ஒவ்வொரு முறையும், அவர் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடுகிறோம். சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா? ஆகட்டும். பக்கத்தில் நில்லுங்கள், கையை நீட்டாதீர்கள். விழாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. நடப்பது அவர் வேலை.

அதற்காக, நடக்க முடியாதவரை நடக்கச் சொல்லி வதைக்கவும் கூடாது. சிலருக்கு இழந்த நடை திரும்பாது. பக்கவாதமோ கடும் மறதி நோயோ வந்தவர்களுக்குத் துணை வேண்டும், கடைசிவரை வேண்டும். அவர்களுக்கும் மதிப்பீடு உண்டு: எது முடியும், எதில் துணை வேண்டும், எதை அவர் விரும்புகிறார் என்பது. தாமே சோறு பிசைந்து வாயில் வைக்க முடிந்தால் அதுவும் தன்மானம்தான். பிறர் உதவியைப் பெறுவது தோல்வி என்று எந்த முதியவரும் நினைக்கும்படி நாம் நடந்துகொள்ளக் கூடாது.

இனி அரசின் கடமை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைப் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கும் சட்டமாக மட்டுமே பலர் அறிவார்கள். அதன் இருபதாம் பிரிவு மருத்துவத்தைப் பற்றியது. அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்கு இயன்றவரை படுக்கை, தனி வரிசை, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் மருத்துவத்தில் அனுபவம் உள்ள மருத்துவ அலுவலர் தலைமையில் தனி வசதி ஆகியவற்றை அது சொல்கிறது. 2010–11இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம், மாவட்ட மருத்துவமனைதோறும் பத்துப் படுக்கை கொண்ட முதியோர் வார்டை வகுத்திருக்கிறது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். சட்டமும் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் மக்கள் இங்கே வருகிறார்கள். ஆகவே நாம் கேட்பது புதுக் கட்டடத்தை அல்ல. வார்டில் சேரும் முதியவரின் கேஸ் ஷீட்டில், ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே அந்த ஆறு காரியங்களையும் எழுதுங்கள் என்கிறோம். சேரும் நாளில் ஒரு முறை, டிஸ்சார்ஜ் நாளில் ஒரு முறை. இரண்டுக்கும் நடுவில் இறக்கம் இருந்தால், ஊர் சுகாதாரப் பணியாளருக்கும் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கும் அன்றே தகவல் போகட்டும்.

மருத்துவ மாணவர்களே, நீங்கள் நாளைக்கே இதைத் தொடங்கலாம். யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் நோயாளியிடம், "தாத்தா, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்களே குளிப்பீங்களா?" என்று கேட்டு எழுதுங்கள். "வீட்டுக்குப் போய் முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" என்றும் கேளுங்கள். ஒருவர் தெப்பக்குளம் வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்க வேண்டும் என்பார். ஒருவர் காவிரியில் அம்மா மண்டபத் துறையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பார். சிகிச்சையின் இலக்கு அதுவாக இருக்கட்டும்.

குடும்பத்தாரே, உங்கள் அப்பாவோ அம்மாவோ ஆஸ்பத்திரியில் சேரும்போது கண்ணாடி, காது மெஷின், பல்செட், வழுக்காத செருப்பு, தடி, மருந்துப் பை ஆகியவற்றை உடன் கொண்டு போங்கள். தினமும் காலையில் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு எழுந்து உட்காரலாமா? எத்தனை தடவை நடக்கலாம்? இந்த டியூப் இன்னும் வேணுமா?" மறுநாளும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார்.

மூத்தவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்று விழுந்ததை மறைக்காதீர்கள். நடை தளர்ந்ததைச் சொல்லத் தயங்காதீர்கள். தளர்ச்சியை ஆரம்பத்திலேயே சொன்னால் அதில் பெரும்பகுதியைச் சரிசெய்யலாம். நாற்காலியிலிருந்து கைப்பிடி பிடிக்காமல் எழுந்து உட்காரும் பயிற்சியை, உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இன்றைக்கே தொடங்குங்கள். உங்கள் கால்கள் உங்களுடையவை. அவற்றை உங்களிடமே வைத்திருப்பதற்கு நாங்கள் எல்லாரும் உழைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.